கணக்கில் யார் பெயர்?

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு மே மாதம். நாங்கள் குடியிருப்பது பெங்களூரு அடுகோடியில். பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் வெல்டராக இருந்த என் கணவருக்கு மஸ்கட்டில் இரண்டு வருட ஒப்பந்தத்தில் வேலை கிடைத்திருந்தது. விசா வந்த சந்தோஷம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. அதற்குள் எந்த பேங்கில் கணக்குத் திறப்பது என்ற தலைவலி வந்து உட்கார்ந்துகொண்டது.

வெளிநாடு போகிறவர் பழைய சம்பளக் கணக்கை அப்படியே வைத்துக்கொள்ளக் கூடாதாம், அதற்கென்று தனிக் கணக்கு வேண்டுமாம். ஏஜென்ட் ஒரு பேங்கைச் சொன்னார். மாடி வீட்டுக்காரர், அங்கே மட்டும் போகாதீர்கள் என்றார். நாங்கள் பேங்க் பேங்காக ஏறி இறங்கினோம். ஓரிடத்தில், மஸ்கட் போய்ச் சேர்ந்த பிறகு விண்ணப்பியுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த இடத்தில், கணக்கில் எப்போதும் இருக்க வேண்டிய தொகையைக் கேட்டதும் என் கணவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். இன்னோர் இடத்தில் எல்லாமே செல்போனிலேயே முடியும், கிளையே தேவையில்லை என்று பெருமையாகச் சொன்னார்கள். ஓடிபி மஸ்கட்டுக்குப் போனால் நான் இங்கே என்ன செய்வது என்று கேட்டேன். அங்கிருந்தவர் சிரித்ததோடு சரி. ஹோசூர் ரோடு வெயிலும் டிராஃபிக்கும் ஒருபக்கம், தைத்துக் கொடுக்க வேண்டிய பிளவுஸ்கள் வீட்டில் குவிந்தது ஒருபக்கம். எனக்கு அலுத்தே போய்விட்டது.

உண்மையைச் சொன்னால், எந்த பேங்க் என்பது என் கவலையே இல்லை. அவர் அங்கே இருக்கும்போது இங்கே பணம் எடுக்கும் அதிகாரம் யாருக்கு என்பதுதான் என் கவலை. என் புகுந்த வீட்டில் வெளியூர்ச் சம்பளம் வீட்டின் மூத்த பிள்ளை பெயரில்தான் வரும். மாமனார் காலத்திலிருந்தே அப்படி. அதற்கு முந்தின வருடம் கணவர் மூன்று மாத வேலையாக சென்னை போயிருந்தபோது, மகளுக்குக் காய்ச்சல் வந்தது. அவருடைய அண்ணன், என் மச்சாண்டார், ஷிப்ட் முடிந்து வந்து ஏடிஎம் போய்வரும் வரை, கொதிக்கிற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்திருந்தேன். அவர் கெட்டவர் இல்லை. ஆனாலும் இரண்டு வருடத்துக்கு ஒவ்வொன்றுக்கும் இன்னொருவர் வரும் வழியைப் பார்ப்பதை நினைத்தாலே மனசு சோர்ந்தது. இதைக் கணவரிடம் சொல்லவும் பயம். கிளம்புகிற நேரத்தில் அண்ணன் தம்பிக்குள் சண்டை மூட்டிவிட்டாள் என்று பேர் வருமே!

கடைசியில் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பேங்கில், விசாவைக் காட்டினால் போதும் என்றார்கள். அன்று மச்சாண்டாரும் வந்திருந்தார். அந்த வாரம் அவருக்கு நைட் ஷிப்ட், முடித்து நேராக வந்திருந்தார். சட்டைப் பையில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ தயாராக இருந்தது. அத்தை சொல்லி அனுப்பியிருப்பார்கள் என்று புரிந்தது. நான் ஓர் ஓரமாக உட்கார்ந்தேன்.

மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு கன்னடத்துப் பெண் அதிகாரி. எங்கள் தமிழைக் கேட்டதும் அவரும் தமிழுக்கு மாறினார். போட்டோவை வாங்கிக்கொண்டவர், பணம் எடுக்க அதிகாரம் தரும் படிவத்தில் ஒட்டாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"இவர் யாரு சார்? அண்ணனா? இவருக்கு வேலை எங்க?"

"பொம்மசந்திராவுல, மேடம்," என்றார் என் கணவர்.

"ஒரு செக் பாஸாகலேன்னா, கார்டு பிளாக் ஆச்சுன்னா, பகல்ல இங்க வந்து நிக்கணும். லீவு போட்டு வருவாரா? ஸ்வல்ப யோசனே மாடி சார், கொஞ்சம் யோசிங்க."

என் கணவர் அண்ணனைப் பார்த்தார், அண்ணன் தரையைப் பார்த்தார். இத்தனை நாள் அலைந்த களைப்பா, இப்போது விட்டால் எப்போதும் இல்லை என்ற பயமா தெரியவில்லை. என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"எம் பேரு போடுங்க மேடம். நான் வீட்லதான் இருக்கேன். நானே வரேன்."

மச்சாண்டார் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பூகம்பம்தான் என்று நினைத்தேன். அவரோ, கண்ணைக் கசக்கிக்கொண்டு நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

"நல்லதாப் போச்சும்மா. எனக்கு லீவு குடுக்கவே மாட்டேங்குறான். எங்கிட்ட இருந்தா நாளைக்கு ஒரு ரூபா குறைஞ்சாலும் நாந்தான் பதில் சொல்லணும். அம்மா சொன்னாங்களேன்னுதான் வந்தேன். இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கோச்சுக்குவியோன்னுதான் நானும் பேசல அண்ணா," என்றார் என் கணவர். அடப்பாவிகளா என்று வந்தது எனக்கு! சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. அதிகாரி போட்டோவை மச்சாண்டாரிடமே திருப்பிக் கொடுத்தார். எனக்கு அன்று கைவசம் போட்டோ இல்லை. எதிர் ஸ்டூடியோவுக்கு ஓடி, வியர்த்த முகத்தோடு எடுத்துக்கொண்டு வந்தேன்.

அத்தை பத்து நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மச்சாண்டார்தான் தன் பங்குக்குச் சமாதானம் சொன்னார். இப்போது பேங்க் வேலை எல்லாம் நான்தான். அதிலும் அலைச்சல் உண்டு, வரிசையில் நின்று கால் வலிக்கும். ஆனால் அது என் அலைச்சல்.

கேட்க வேண்டியதைக் கேட்காமல் விழுங்கும்போதெல்லாம் இப்போது ஒன்று தோன்றுகிறது: நான் பயப்படுகிற அந்த மனிதரும், யாராவது கேட்டுவிட மாட்டார்களா என்று என்னைப் போலவே களைத்துப்போய்க் காத்திருக்கலாம்.