யாராலும் பிடிக்க முடியாதவன்

ஏழு வயதில், ஒரு வருஷம் முழுக்க, ஓட்டத்தில் என்னைப் பிடிக்க இந்த உலகத்தில் ஆளே கிடையாது என்று நம்பிக்கொண்டிருந்தேன். சிங்கப்பெருமாள் கோவில் ரயில்வே குடியிருப்பில் சாயங்காலமானால் ஓடிப்பிடித்து ஆடுவோம். தொடப்பட்டவர்கள் ஓரமாகப் போய் உட்கார வேண்டும். எல்லோரும் ஒரு நாளாவது உட்கார்ந்தார்கள், என்னைத் தவிர. அந்தத் தெம்பில் பள்ளிக்கூடத்து ஓட்டப்பந்தயத்துக்குப் பெயர் கொடுத்து, கடைசியாக வந்து, மூச்சிரைத்து விழுந்த பிறகுதான் பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள்.

"நீ ஒப்புக்குச் சப்பாடா. உனுக்கு இழுப்பு வரும், தொரத்தாதீங்கன்னு உங்கம்மா சொல்லிகீறாங்க."

ஆட்டத்தில் இருப்பேன், கணக்கில் இருக்க மாட்டேன். அதோடு ஆட்டத்தை விட்டுப் புத்தகத்துக்குப் போனேன். நிறையப் படித்தவர்களைப் பார்த்தால், இவரையும் யாரோ தொடாமல் விட்டிருக்கிறார்கள் என்றுதான் இன்றும் தோன்றுகிறது.

இப்போது ஐம்பத்திரண்டு. பிள்ளைப்பாக்கத்தில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருக்கிறேன். தொழிற்சாலைகளுக்கு 'ஓடும் இயந்திரத்தில் கை வைக்காதீர்' வகை அறிவிப்புகளைத் தமிழில் எழுதிக் கொடுப்பது பிழைப்பு. போன மாதம் ஒரு கம்பெனி, தன் ஊழியர் பத்திரிகைக்கு, குழந்தைகளுக்கு விளையாட்டு ஏன் அவசியம் என்று நாலு பக்கம் கேட்டது. 'தோற்கப் பழகிய குழந்தை' என்று ஆரம்பித்தேன். பேனா நின்றுவிட்டது. தோற்க என்னை யார் விட்டார்கள்?

எதிரே விலைபோகாத மனைகள். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஏழெட்டுப் பிள்ளைகள் ஆடுவார்கள். வெட்கத்தை விட்டு இறங்கிப் போனேன். தலைவி கீழ்வீட்டுப் பெண், ஒன்பது வயது.

"நானும் வரட்டா?"

"இன்னா அங்கிள், ஓடுவியா நீ?" தொப்பையைப் பார்த்தாள்.

"ஓடுவேன். ஆனா என்னையும் தொடணும். ஒப்புக்குச் சப்பா எல்லாம் வேணாம்."

"சரி சரி, வா."

துரத்தியவள் தென்காசிப் பக்கத்துக் குடும்பத்துச் சிறுமி. மூன்று தரம் என்னைத் தாண்டி ஓடினாள். வேகத்தைக் குறைத்தேன். நின்றேன். குறுக்கேயும் போய்ப் பார்த்தேன். "தாத்தா, வழியில நிக்காதிய," என்று சுற்றிக்கொண்டு போனாள். நாற்பத்தைந்து வருஷம் கழித்தும் அதே மரியாதை.

வீட்டுக்கே போய்விடலாம் என்று திரும்பியபோது முதுகில் பட்டென்று ஒரு கை விழுந்தது. சட்டையைக் கொத்தாகப் பிடித்தது. அவள்தான்.

"அவுட்! நான் அவுட்!" என்று கத்தினேன். பிள்ளைகள் ஒரு நிமிஷம் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஓரமாகப் போய் ஓர் எல்லைக் கல்லில் உட்கார்ந்தேன். மூச்சு இரைத்தது. பக்கத்தில் யாரும் இல்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் தனியாக உட்கார்ந்ததே கிடையாது. வீட்டுக்கு வந்து நாலு பக்கத்தையும் ஒரே மூச்சில் எழுதினேன்.

மறுநாள் காலை, பள்ளிக்கூடப் பையோடு தலைவி வாசலில் நின்றிருந்தாள்.

"அங்கிள், நேத்து நீ அவுட்டே இல்ல. அவ செருப்பு அறுந்து வுழப் பாத்தா, உன்ன புடிச்சிக்கினா. நீபாட்டுக்குப் போயி குந்திக்கின. பாவம், இருக்கட்டும்னு வுட்டுட்டோம்."