லோரிக்கு வைத்த வெந்நீர்

என் மாமாவின் வலது மணிக்கட்டு முறிந்தது என்னால்தான். அந்தப் பழி பதினான்கு ஆண்டுகள் அத்தையின்மேல் கிடந்தது. கிடக்கட்டும் என்று விட்டவனும் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிக்கென்று ஒதுக்கி வைத்தால், அங்கே போய்ச் சேர்வதற்குள் என்னை நல்லவனாக்கும் வேலையைப் பேனா தானாகவே செய்துவிடும்.

அப்போது எனக்குப் பத்து வயது. மலாயாவில் தாப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அம்மாவுக்கு என் தங்கை பிறக்கிற நேரம். என்னைக் கவனிக்க ஆளில்லை என்று கேமரன் மலையில் இருந்த அம்மாவின் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாமா அங்கே ஒரு சீன முதலாளியின் காய்கறித் தோட்டத்தில் லோரி ஓட்டினார். முட்டைக்கோஸ் கூடைகளை ஏற்றிக்கொண்டு இருட்டோடு மலையிறங்கி ஈப்போ சந்தையைப் பிடிக்க வேண்டும். தாமதமானால் சரக்கை மாட்டுக்குத்தான் போட வேண்டும் என்பார்.

தோட்டத்துப் புழுக்கத்தில் வளர்ந்த எனக்கு அந்தக் குளிர் புதிது. முதல் நாள் காலையில் என் வாயிலிருந்து புகை வருவதைப் பார்த்து, வயிற்றுக்குள் ஏதோ எரிகிறது என்று அத்தையிடம் ஓடினேன். அத்தை சிரித்துவிட்டுத் தன் வாயிலிருந்தும் புகை விட்டுக் காட்டினார்.

எனக்காவது சட்டைக்குமேல் சட்டை இருந்தது. லோரியின் பாடு அதைவிட மோசம். போர் முடிந்து வெள்ளைக்கார ராணுவம் கழித்துவிட்டுப் போன பழைய பெட்ரோல் லோரி அது. கீழே ஈப்போவில் சாதுவாக ஓடும். மலையில் ஓர் இரவு நின்றால் போதும், மறுநாள் காலை கல்லாகக் கிடக்கும். அதனால் சாயங்காலமே மாமா அதற்கு ஒரு நோயாளிக்குச் செய்வதுபோல எல்லாம் செய்வார். இஞ்சின் சூடாக இருக்கும்போதே அடியில் படுத்துக் கறுப்பெண்ணெயை ஒரு டின்னில் வடித்து, அதை அடுப்புக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைப்பார். ராத்திரியெல்லாம் வெளியே கிடந்தால் எண்ணெய் பாகாக இறுகிவிடுமாம். பேட்டரியைக் கழற்றிச் சாக்கில் சுற்றி வீட்டுக்குள் வைப்பார். பிளக்குகளைக் கழற்றி, காலையில் அடுப்புத் தணலில் காட்டிச் சூடேற்றி மாட்டுவார். ரேடியேட்டர் தண்ணீரையும் திறந்து விட்டுவிடுவார்.

அத்தையின் வேலை விடியற்காலையில் தொடங்கும். இரண்டு மண்ணெண்ணெய் டின் நிறையத் தண்ணீர் ஊற்றி, பலகை மூடி போட்டுக் கொதிக்க வைக்க வேண்டும். அந்த வெந்நீரை ரேடியேட்டரில் ஊற்றி இஞ்சினின் உடம்பு சூடான பிறகுதான், முன்பக்கம் இரும்புக் கைப்பிடியைச் செருகி மாமா சுற்றுவார். நாலாவது சுற்றிலோ ஐந்தாவது சுற்றிலோ லோரி இருமிக்கொண்டு எழுந்திருக்கும்.

அந்த ஆண்டு தீபாவளிக்கு வீட்டில் இரட்டைச் சந்தோஷம். ஈப்போவில் ஒரு பஸ் கம்பெனியில் மாமாவை ஓட்டுநராக எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். தீபாவளி முடிந்த வாரத்தில் ஓட்டிக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். பிறகு ஈப்போவை ஒட்டிய சிலிபினில் வாடகைக்கு வீடு பார்த்து இறங்கிவிடலாம். அத்தைக்கு மலைக்குளிர் ஒத்துக்கொள்ளவே இல்லை. கை கால் விரல்களெல்லாம் வெடித்திருக்கும். கீழே போனால் இன்னின்ன செய்யலாம் என்று வேலைக்கு நடுவே என்னிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். முக்கியமாக, மல்லிகைக் கொடி வைக்கலாம்.

தீபாவளியன்றும் முதலாளிக்குச் சரக்குப் போயாக வேண்டும். ஆகவே சந்தையில் கூடைகளை இறக்கிவிட்டு, அப்படியே எங்கள் தோட்டத்துக்கு வந்து எல்லாரும் பண்டிகைச் சாப்பாடு சாப்பிடுவது என்று ஏற்பாடு. விடிவதற்கு முன்பே அத்தை என்னை எழுப்பி, தலையில் நல்லெண்ணெய் வைத்துத் தேய்த்தார். கண்ணில் வழிந்தது. பல் தந்தியடித்தது.

"லோரிக்குத் தண்ணிய மாமா எடுத்துட்டுப் போகட்டும்லா. அப்புறம் ஒனக்கு வெக்கிறேன். அது வரைக்கும் இங்கனயே குந்தியிரு," என்று சொல்லிவிட்டு, முறுக்கையும் புதுத்துணிகளையும் மூட்டை கட்ட முன்னறைக்குப் போனார்.

உடம்பெல்லாம் எண்ணெயோடு நான் குந்தியிருந்தேன். எனக்கு முன்னால் இரண்டு டின்னும் கொதித்துக்கொண்டிருந்தன. பலகை மூடிகள் தடதடவென்று ஆடின. ஒரு லோரிக்கு இவ்வளவு வெந்நீர் எதற்கு என்று எனக்குத் தோன்றியது. ஒரு செம்பு எடுத்தேன். பச்சைத் தண்ணீரில் கலந்து தோளில் ஊற்றியபோது கிடைத்த சுகத்தை இந்த வயதிலும் மறக்க முடியவில்லை. அதற்குப் பிறகு நான் எண்ணவில்லை. சமையலறை மூலையிலேயே சீயக்காய் தேய்த்து முழுக்குளியல் போட்டேன். முடிந்ததும் எட்டிப் பார்த்தால், டின்கள் இரண்டும் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தன. குழாய்த் தண்ணீரைப் பிடித்து இரண்டையும் நிரப்பி, மூடியைப் போட்டு, அடுப்பில் ஒரு கட்டையையும் தள்ளி வைத்தேன். அது உடனே கொதித்துவிடும் என்றுதான் நம்பினேன்.

அத்தை வந்து என் ஈரத்தலையைப் பார்த்தார். அவர் கேட்காமலே நான் சொன்னேன், பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டேன் என்று. அவர் அசந்துபோய், "என்னங்க, ஒங்க அக்கா மகனப் பாத்தீங்களா, இந்தக் குளுருல பச்சத் தண்ணியில குளிச்சிருக்கான்," என்று வெளியே குரல் கொடுத்தார். கூடைகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த மாமா, "பட்டாளத்துல சேத்துரலாம்லா அவன," என்றார். எனக்குப் பெருமையாகவே இருந்தது.

மாமா வந்து டின்களைக் கம்புப் பிடியால் தூக்கிக்கொண்டு போனார். எண்ணெயை ஊற்றினார், தண்ணீரை ஊற்றினார், பிளக்குகளை மாட்டினார், சுற்ற ஆரம்பித்தார். ஐந்து சுற்று, பத்து, இருபது. லோரி முனகக்கூட இல்லை. சட்டையைக் கழற்றிவிட்டுச் சுற்றினார். முதுகிலிருந்து ஆவி பறந்தது. கடைசியில் நிமிர்ந்து ரேடியேட்டர்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"தண்ணி கொதிச்சிச்சா?"

"கொதிச்சிச்சு. மூடி ஆடுனத என் கண்ணால பாத்தேன்," என்றார் அத்தை.

"வந்து தொட்டுப் பாரு."

அத்தை தொட்டார். கையை எடுத்துவிட்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் இரண்டடி தள்ளித்தான் இருந்தேன். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வரவே போவதில்லை. நான் சொல்லவில்லை.

மறுபடி கொதிக்க வைக்க முக்கால் மணி நேரம் ஆகும். மாமா கோபத்தோடு கைப்பிடியிடமே திரும்பிப் போனார். அதைச் சுற்றும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைக்க வேண்டும், வளைத்துப் பிடிக்கக் கூடாது, இஞ்சின் எதிர்ப்பக்கம் உதைத்தால் கை போய்விடும். இதை எனக்கே பலமுறை சொன்னவர் அவர். களைப்பிலும் ஆத்திரத்திலும் அன்று அவரே வளைத்துப் பிடித்துவிட்டார். இஞ்சின் ஒரே ஒரு முறை வெடித்தது. காய்ந்த ரப்பர் கிளை ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

சீன வைத்தியர் கட்டுப் போட்ட கை கோணலாகக் கூடியது. பஸ் கம்பெனி வேறு ஆளை எடுத்துக்கொண்டது. லோரிக்கும் புது ஓட்டுநர் வந்தார். மாமா கொட்டகையில் இடது கையால் காய்கறி நிறுத்துப் போடுகிறவரானார். பொங்கல்வரை அவர் அத்தையோடு பேசவில்லை. தீபாவளியும் அதுவுமாக அடுப்பை அணையவிட்டுப் புருஷன் கையை ஒடித்தவள் என்று உறவெல்லாம் பேசியது. அம்மாவும் தங்கைக்குப் பால் கொடுத்துக்கொண்டே அதைத்தான் சொன்னாள். பக்கத்தில் படுத்திருந்த நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அதன்பிறகு பள்ளி விடுமுறைகளில் மலைக்குப் போகும்போதெல்லாம் அத்தையிடம் ஒரு புதுப் பழக்கத்தைப் பார்த்தேன். அடுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்கும். ஆவி முகத்தில் அடிக்கும். இருந்தும் ஆள்காட்டி விரலை ஒரு கணம் உள்ளே விட்டுப் பார்த்த பிறகுதான் இறக்குவார். விரல் நுனி எப்போதும் சிவந்தோ தோலுரிந்தோ இருக்கும். தங்கையிடம் நான் அதை நடித்துக் காட்டிச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

படித்து ஆசிரியராகி ஈப்போவில் வேலை கிடைத்ததும் நான் செய்த முதல் காரியம் சிலிபினில் வீடு எடுத்து அவர்கள் இருவரையும் மலையிலிருந்து இறக்கிக்கொண்டு வந்ததுதான். நல்ல மருமகன் என்று எல்லாரும் சொன்னார்கள். அந்தப் பேச்சை என்னால் ஒரு மாதத்துக்குமேல் தாங்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அத்தை காப்பிக்குத் தண்ணீர் வைத்து விரலை விடப் போகும்போது, கையைப் பிடித்து நிறுத்திச் சொல்லிவிட்டேன். குளித்தது, நிரப்பியது, பொய் சொன்னது எல்லாவற்றையும்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அடுப்பை அணைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

"அப்ப தண்ணி கொதிச்சிச்சுதானே?"

"கொதிச்சது அத்தை."

"மூடி ஆடுனத நான் பாத்தேன்தானே?"

"பாத்தீங்க."

அத்தை நேரே கூடத்துக்குப் போனார். மாமா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "என்னங்க, அன்னைக்குத் தண்ணி கொதிச்சிருக்கு," என்றார்.

எந்த அன்றைக்கு என்று மாமா கேட்கவில்லை. பேப்பருக்குமேல் என்னைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "சரி விடு, சின்னப் பையன்தானேலா அப்ப," என்றார். என்னை மன்னிக்க அவருக்கு அவ்வளவு நேரம் போதுமாக இருந்தது. அத்தை கதவருகே நின்றுகொண்டே இருந்தார். அவருக்கும் ஒரு வார்த்தை வரும் என்று நானும் காத்திருந்தேன். மாமா பேப்பரின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். கண் எழுத்தில் ஓடவில்லை. அதன்பிறகு அவர் உயிரோடு இருந்த ஒன்பது ஆண்டுகளிலும் அத்தையிடம் அந்த ஒரு வார்த்தையை என் காதுபடச் சொன்னதில்லை.

மறுநாள் காலையில் சமையலறைக்குள் போனேன். தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அத்தை விரலை விட்டு எடுத்தார். நான் பார்த்துவிட்டதைக் கண்டு, "பழகிப்போச்சுலா," என்று விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

அந்தத் தீபாவளியன்று அடிபட்டவர் மாமா ஒருவர்தான் என்று பத்து வயதில் நான் நினைத்திருந்தேன்.