நீலம் போடாத அச்சு

திருவொற்றியூரில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு ஷெட்டில் சிலை செய்துகொண்டிருந்தேன். காத்திவாக்கத்திலிருந்து மீன் விற்கும் பெண் ஒருத்தி வந்து, கடலில் இறந்துபோன கணவரின் தலையைச் சிலையாகக் கேட்டாள். அவர் படங்கள் இருந்த செல்போன் அவரோடு போய்விட்டது. மிஞ்சியது ஆதார் அட்டையின் மங்கல் முகம்தான். அதனால் தினமும் வியாபாரம் முடிந்து கூடையோடு வருவாள். அவள் சொல்லச் சொல்ல, களிமண்ணைத் திருத்துவேன்.

"ஒதடு இன்னும் கொஞ்சம் கோணலு நைனா. என்னைக் கலாய்க்கசொல்ல அப்பிடித்தான் இஸ்துக்குவாரு."

ஒரு நாள், "இவருதான்" என்று சொல்லி அழுதாள்.

களிமண் மேல் பிளாஸ்டர் பூசி அச்செடுக்க வேண்டும். பின்பக்கம் வழியே மண்ணைத் தோண்டி எறிந்துவிட்டு, அந்தக் குழிவில் புது பிளாஸ்டர் ஊற்ற வேண்டும். இறுகியதும் வெளி அச்சை உளியால் உடைக்க வேண்டும். அச்சும் வெள்ளை, உள்ளே முகமும் வெள்ளை. ஆகவே அச்சின் முதல் பூச்சில், துணிக்குப் போடும் நீலத்தைக் கலப்போம். நீலம் தெரிந்தால் முகம் நெருங்கிவிட்டது என்று பொருள். முகம் வந்தபின் அதன்மேல் சிலிகான் ஊற்றி அச்செடுத்தால், எத்தனை பிரதியும் எடுக்கலாம். அதுவரை இருப்பது அந்த ஒரு முகம்தான்.

நீலம் கலந்த பிளாஸ்டரைத் தெளிக்கப் போனபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் நைனா. மூணு நாளு ஊறிக் கரைல ஒதுங்கசொல்ல, மூஞ்சி இந்தக் கலருலதான் இருந்துச்சு."

கிண்ணத்தைக் கொட்டிவிட்டு வெள்ளையே பூசினேன்.

அச்சை உடைத்த அன்று அவள் கூடையைக் கவிழ்த்து எதிரில் உட்கார்ந்திருந்தாள். கூட்ஸ் வண்டி போகும்போதெல்லாம் தரை அதிரும். உளியை அச்சிலிருந்து விலக்கிக்கொண்டு காத்திருப்பேன். நெற்றி வந்தது. மூக்கு வந்தது.

"மெய்யாலுமே மூச்சு உட்ற மாரி கீது" என்றாள்.

அடுத்து வாய். எவ்வளவு ஆழம் மிச்சமென்று கண்ணுக்குத் தெரியவில்லை. கைப்பழக்கத்தில் தட்டினேன். தடிமனான சில்லு ஒன்று விழுந்து நொறுங்கியது. அதோடு கோணல் உதடும் போயிற்று.

"இன்னாச்சு நைனா?"

"நீலம் போட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்மா. நீதானே வேணாம்னே."

"அப்போ நாந்தான் ஒடச்சிட்டனா?"

குனிந்து தூளைப் பொறுக்கினேன்.

பிறகு ஒரு உதட்டை நானே செய்து ஒட்டினேன். அது அவர் உதடு இல்லை. அவள் சிலையை வாங்கிப் போனாள்.

நீலம்தான் போட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் கிடையாது. எந்த நிறமும் போதும். காவிப்பொடி டப்பா அன்று அலமாரியில், என் தலைக்கு நேர் மேலே இருந்தது. எழுந்து எடுக்கச் சோம்பல். இத்தனை வருடக் கைக்கு நிறம் எதற்கு என்ற திமிர் வேறு.

இதைச் சொல்லத்தான் போன மாதம் காத்திவாக்கம் போனேன். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"நான் பண்ண தப்புக்கு நீ இன்னா பண்ணுவ நைனா" என்று சொல்லி, நல்ல சங்கரா மீனாக நான்கு பொறுக்கிப் பையில் போட்டாள்.

வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.