பழுது மேசைக்குப் பக்கத்துத் தட்டு

என் தங்கை எங்கள் ஊர்க் கணபதிப் பகுதியில் அலுமினிய வார்ப்புப் பட்டறை நடத்துகிறாள். மோட்டார் பம்புகளுக்கு மூடி வார்த்துக் கொடுப்பது தொழில். மூடியில் வேறொருவருடைய பிராண்டுதான் இருக்கும். தனக்கென்று ஒரு பிராண்டு கடையில் நிற்க வேண்டும் என்று கையடக்க வீடியோ கேம் கருவியில் இறங்கினாள். திரையும் சர்க்யூட் போர்டும் வெளியிலிருந்து வரும்; கூடு செய்வதும் பொருத்துவதும் அவள் பட்டறையில்.

எங்கள் ஊரில் எதையும் முதலில் தூக்கித்தான் பார்ப்போம். பம்பு கனத்தால் உள்ளே செம்பு நிறைய இருக்கிறது என்று பொருள். அந்தப் பழக்கத்திலேயே முதல் கருவியின் கூட்டைக் கெட்டி அலுமினியத்தில் வார்த்துவிட்டாள். பம்பு கம்பெனியில் தரம் பார்க்கும் எனக்கும் அது மிகவும் பிடித்திருந்தது.

காந்திபுரத்து வீடியோ கேம் கடைக்காரர் அதைக் கையில் வாங்கினார்.

“ஏனுங்க, இதுல எத்தன படி மாவு அரைக்கலாமுங்க?”

“வெளையாடிப் பார்த்துட்டுச் சொல்லுங்க,” என்றாள் தங்கை.

கார் பந்தயம் பாதி போவதற்குள் அவர் இரண்டு கைகளையும் மேசைமேல் இறக்கினார். “காரு ஓடுதுங்க. கைதான் பஞ்சராயிப்போச்சு.”

அவள் வாதிடவில்லை. பிளாஸ்டிக்கில் புதுக்கூடு செய்தாள். பின்பக்கம் மட்டும் ஒட்டாமல் நான்கு ஸ்க்ரூ வைத்தாள். கடைக்காரர் அதை முன் அலமாரியில் வைத்தார், ஓரளவு விற்றது.

பிறகு பளபளப்பான மலிவு இறக்குமதிகள் வந்து அந்த அலமாரியின் கீழ்த்தட்டை நிறைத்தன. மேல்தட்டை ஏற்கெனவே ஒரு பெரிய வெளிநாட்டுக் கம்பெனி எடுத்துக்கொண்டிருந்தது.

“உங்க சாமான இனி எங்கீங்க வெப்பேன்? ஸ்க்ரூவ விட்டுப்போட்டு ஒட்டிருங்க, வெல கொறையும்,” என்றார் கடைக்காரர்.

மற்ற கடைகள் இவரைப் பார்த்துத்தான் வாங்கும். இங்கிருந்து இறங்கினால் பிராண்டு முடிந்தது. தங்கை கடையின் பின்பக்கத்தைப் பார்த்தாள். பழுது மேசைமேல் பட்டன் அமுங்கிய கருவிகள் குவிந்திருந்தன. எல்லாம் ஒட்டப்பட்டவை, திறந்தால் கூடு உடைந்துவிடும்.

“அந்த மேசைக்குப் பக்கத்துல ஒரு தட்டு குடுங்க.”

“அங்க ஆருங்க பார்ப்பாங்க?”

“ஒடஞ்சதத் தூக்கிட்டு வர்றவங்க பாப்பாங்கல்லங்க.”

வண்டியில் ஏறியதும் நான், “ஏன் அம்மணி, கடையோட முதுகுப்பக்கம் போயி உக்காந்துட்டயே,” என்றேன்.

“அண்ணா, அங்கதான் ஏமாந்தவங்க வருவாங்க,” என்றாள்.

சனிக்கிழமைகளில் அவளே அங்கே உட்கார்ந்தாள். ஒருநாள் நானும் உடனிருந்தேன். ஒரு அப்பாவும் மகளும் பட்டன் போன மலிவுக் கருவியோடு வந்தார்கள். திறக்க முடியாது என்றார் மெக்கானிக். அந்தப் பெண்ணின் முகம் வாடியது. தங்கை தன் கருவி ஒன்றை அவள் முன் வைத்து ஸ்க்ரூடிரைவரை நீட்டினாள்.

“கழட்டு கண்ணு. ஒண்ணும் ஆகாது.”

அந்தச் சிறுமியே கழற்றினாள், பட்டனுக்கடியில் இருக்கும் ரப்பரை எடுத்து, மறுபடி வைத்து மூடினாள். திரை ஒளிர்ந்தது. அப்பா வேறெதையும் விசாரிக்கவில்லை, அதையே வாங்கினார்.

போட்டிக்காரனைத் திட்டாமல், அவன் பொருள் வந்து விழும் இடத்தில் கடைவிரிக்க எனக்குத் தோன்றியிருக்காது. கீழ்த்தட்டில் எத்தனையோ புதுப்பெயர்கள் வந்து போய்விட்டன. போன வாரம் கடைக்காரர் பழுது மேசைக்கு வந்து கூப்பிட்டார்.

“முன் அலமாரிக்கே வந்துருங்க, எடம் காலியாயிருச்சு.”

“வேண்டாமுங்க. இங்கயே இன்னொரு தட்டு குடுங்க,” என்றாள் தங்கை.