பென்சிலில் இருந்த பெயர்கள்

தத்துவத்தில் பட்டம் வாங்கிவிட்டு உத்திரமேரூரில் வேலை தேடியவன் எப்படி இருப்பான் என்று யாராவது கேட்டால், அப்போது என்னைக் காட்டியிருக்கலாம். இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்கள். சுற்றுவட்டாரக் கிராமங்களின் நிலப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் வேலை ஓர் ஒப்பந்தக்காரருக்குக் கிடைத்திருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், சிமென்ட் கடை மாடியில், மூன்று கணினிகள். டைப்பிங் தெரியும் என்பதால் சேர்த்துக்கொண்டார்கள். தத்துவத்துக்குக் கிடைத்தது கிண்டல் மட்டும்.

பதிவேட்டில் நிலத்துக்காரர் பெயர் மையில் இருக்கும். பயிர் வைப்பவர் வேறு ஆளாக இருந்தால், அந்தப் பெயரை ஓரத்தில் பென்சிலால் எழுதுவது எங்கள் பக்கத்துக் கிராம அலுவலர்களின் பழக்கம். மையில் எழுதினால் நிலத்துக்காரர் சண்டைக்கு வருவார். எழுதாமலே விட்டால் பயிர் வைப்பவர் வந்து வாசலில் உட்கார்ந்துகொள்வார். பென்சில் என்றால் இருவரும் சும்மா இருந்தார்கள். பயந்தாங்கொள்ளி ஏற்பாடுதான். ஆனாலும் அதை நம்பித்தான் பல குடும்பங்கள் நாற்று விட்டன.

கணினியில் அதற்குக் கட்டம் இல்லை. முதல் வாரமே ஒப்பந்தக்காரரிடம் கேட்டேன்.

"சார், பென்சில்ல கீற பேரை எங்க போடறது?"

"மையில கீறதை மட்டும் அடிப்பா. மத்ததெல்லாம் கிறுக்கல். நீ தத்துவம் பேசிக்கினு இருந்தா வேலை எப்ப முடியும்?"

மூன்று வருடம் படித்ததில் எனக்கு மிஞ்சியது ஒரே கேள்விதான். ஒரு விதியை வகுக்கும்போது, அதனால் அடிபடப்போகிறவர் அந்த அறையில் இருக்கிறாரா? அந்த மாடியில் அப்படி யாரும் இல்லை. கேட்டால் வேலை போய்விடும் என்ற பயத்தில் மையில் இருந்ததை மட்டும் அடித்தேன். பக்கங்களைப் புரட்டிப் புரட்டி, பென்சில் கரி ஒட்டி விரல் நுனி கறுத்துப்போகும். மதியம் சோப்புப் போட்டால் அந்தக் கறுப்பு சுத்தமாகப் போய்விடும்.

அடித்து முடித்த பதிவேடுகள் சாக்கில் கட்டிப் போயின. எங்கே போயின என்று நாங்கள் கேட்கவில்லை. அந்தச் சித்திரையில் பெருநகர் என்ற கிராமத்துப் பக்கம் வயல்களுக்கு நடுவே வெள்ளையடித்த கற்கள் முளைத்தன. மனை போடுகிறார்கள் என்றார்கள்.

பிறகு ஒருநாள் ஓர் அம்மா பெருநகரிலிருந்து பஸ் ஏறி எங்கள் மாடிக்கு வந்தார். புருஷன் போன பிறகும் குத்தகை நிலத்தைத் தனியாளாகப் பயிர் வைத்தவர். நிலத்துக்காரரின் மகன் அதை விற்கப்போவதால், அறுப்பு முடிந்ததும் காலி செய்யச் சொல்லிவிட்டாராம்.

"வருசா வருசம் என் பேரை எய்தினாங்க நைனா, கிட்ட நின்னு நானே பார்த்தேன். மிஷின்ல கீதான்னு பாரு. இருந்தா என்னை வெரட்ட முடியாதாம்."

சர்வே எண்ணைத் தட்டினேன். நிலத்துக்காரர் பெயர் மட்டும் வந்தது. அந்தக் கிராமத்தை அடித்தவன் நான்தான்.

"இல்லம்மா."

"அப்போ இத்தினி வருசமா நாத்து நட்டது யாரு?"

பிரிண்ட் எடுத்து, ஓரத்தில் மேசையில் கிடந்த பென்சிலால் அவர் பெயரை எழுதிக் கொடுத்தேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் பென்சில் எழுத்து எது என்று தெரிந்திருந்தது. ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்துவிட்டு, காகிதத்தை என் முன்னால் திரும்ப வைத்தார்.

"பேனாவுல எய்து நைனா."

பேனா என் சட்டைப் பையில்தான் இருந்தது. நான் அதை எடுக்கவில்லை.