உடம்பு கொடுத்த பஞ்சப்படி: கவரைப்பேட்டைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை

இந்தப் பயணத்துக்குக் காரணம் கோயிலோ ஏரியோ இல்லை, ஒரு ரத்தப் பரிசோதனை. போன தை மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், என் தம்பி குமார் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டான். அவன் தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறான். அங்கே வருடத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் மருத்துவப் பரிசோதனை உண்டு. படத்தில் ஹீமோகுளோபின் பத்தொன்பது என்று இருந்தது. போன வருடம் பதினைந்து. கீழே அவனே புஜம் மடக்கிய பொம்மை ஒன்றையும் ஒட்டியிருந்தான்.

குழுவில் ஒரே கொண்டாட்டம். எங்கள் வீட்டில் பெண்கள் அத்தனை பேருக்கும் ரத்தம் கம்மி. பேரீச்சம்பழமும் பீட்ரூட்டும் முருங்கைக்கீரையும் தின்று தின்று, பத்தைத் தொட்டால் பாயசம் வைக்கிற வம்சம். அதனால் சித்தி, "நம்ம குடும்பத்துலயே பத்தொம்போது வாங்குனவன் நீதான்டா" என்று ஏதோ பத்தாம் வகுப்பு மார்க் போல எழுதினாள். பெரியம்மா திருஷ்டி சுற்றிப் போடச் சொன்னாள்.

எனக்கு மட்டும் அது சரியாகப் படவில்லை. கவலைப்படுவது எனக்குக் கைவந்த கலை என்பது இந்த வலைப்பூவைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். ஆனால் இதற்கு ஒரு காரணமும் இருந்தது. நான் திருவள்ளூரில் விலை எழுதும் வேலை செய்கிறேன். மாதாமாதம் அதே கடை, அதே அரிசி, அதே எடை என்று போய் விலை கேட்டுக் குறித்துக்கொண்டு வருவேன். இப்படிப் பல ஊர்களில் சேரும் விலைகளைக் கூட்டித்தான் வாழ்க்கைச் செலவு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கணக்கிடுவார்கள். ஒரு வருடத்தில் எதுவும் சும்மா நாலு புள்ளி ஏறாது என்பது அந்த வேலையில் படிந்துபோன புத்தி.

எங்கள் தெருவிலேயே ஒரு டாக்டரம்மா இருக்கிறார். அன்றைக்கே படத்தைக் காட்டினேன். "தம்பி சிகரெட் பிடிப்பாரா? தூக்கத்துல பலமா குறட்டை உண்டா? மலைப்பக்கம் ஏதாவது வேலையா?" என்று கேட்டார். மூன்றும் இல்லை என்றேன். "அப்ப அவர் உடம்புக்கு எங்கயோ ஆக்சிஜன் பத்தலைம்மா. இது பலம் இல்ல, தவிப்பு" என்றார்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். நம் செல்களுக்குள் ஒரு புரதம் ஓயாமல் உண்டாகிக்கொண்டே இருக்கிறது. ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்வரை செல் அதை உடனுக்குடன் அழித்துவிடும். ஆக்சிஜன் குறைந்தால் அழிக்க முடியாது. அது தங்கி, செல்லின் கருவுக்குள் போய், பஞ்ச காலத்துக்கான வேலைகளைத் தொடங்கிவைக்கும். செல் ஆக்சிஜன் அதிகம் தேவைப்படாத வழியில் சர்க்கரையை எரிக்கப் பழகும். புது ரத்தக்குழாய்கள் முளைக்கும். சிறுநீரகம், இன்னும் சிவப்பணு வேண்டும் என்று எலும்பு மஜ்ஜைக்குச் சொல்லியனுப்பும். அப்படித்தான் ரத்தத்தில் எண் ஏறுகிறது.

கேட்டதும் எனக்குத் தோன்றியது பஞ்சப்படிதான். விலைவாசி ஏறினால் சம்பளத்தோடு சேர்த்துத் தரும் பஞ்சப்படியும் ஏறும். ஏறியதும் ஆபீசில் எல்லோரும் ஸ்வீட் வாங்குவார்கள். அது வரவு இல்லை, வெளியே ஏதோ எட்டாமல் போய்விட்டதற்கு ஈடு என்பதை அந்த நேரத்தில் யாரும் நினைப்பதில்லை. குமாரின் உடம்பும் அவனுக்குப் பஞ்சப்படி கொடுத்துக்கொண்டிருந்தது. நாங்கள் குழுவில் ஸ்வீட் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

ரத்தம் இப்படிக் கெட்டியானால் எங்கேயாவது கட்டிக்கொள்ளும், மூளைக்குப் போகும் குழாயாகவும் இருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னபிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இன்னொன்றும் இருந்தது. குமாரின் மனைவி செல்விக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. தாய்வீட்டிலிருந்து மூன்றாம் மாதம் புருஷன் வீட்டுக்கு அழைத்து வருவதாகப் பேச்சு. அழைத்து வரக் குறித்த நாள் அடுத்த புதன்கிழமை. தொழிற்சாலை உலையில் ஏதோ வாயு இவனைத் தின்கிறது, குழந்தை வருகிற நேரத்தில் இவன் விழுந்துவிடப்போகிறான் என்று நானே முடிவுகட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பிவிட்டேன்.

திருவள்ளூரிலிருந்து கவரைப்பேட்டைக்கு இரண்டு வழி. பெரியபாளையம், ஆரணி, புதுவாயல் என்று பஸ் மாறிப் போகலாம். தூரம் குறைவு, ஆனால் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை நம்ப முடியாது. நான் ரயிலில் போனேன். காலை ஆறு மணி வாக்கில் மின்சார ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, கும்மிடிப்பூண்டி வண்டி பிடிக்க வேண்டும். பயணச்சீட்டு முப்பது ரூபாய்க்குள் முடிந்துவிடும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வழிதான். நடுவில் காத்திருப்பதையும் சேர்த்து மூன்று மணி நேரம் பிடிக்கும்.

எண்ணூர் தாண்டும்போது ஜன்னல் பக்கம் உட்காருங்கள், உப்பங்கழியும் கொக்குகளும் அழகாக இருக்கும் என்று வேறொரு நாளில் எழுதியிருப்பேன். அன்று நான் பார்த்ததெல்லாம் புகைபோக்கிகள் மட்டும்தான். அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி என்று ஒவ்வொரு நிலையத்திலும் குமாருக்குப் போன் அடித்தேன். அவன் எடுக்கவே இல்லை. கடைசியில் அவனே கூப்பிட்டு, "இன்னாக்கா, லீவு நாள்ல தூங்கக்கூட உட மாட்டியா? தல வேற வலிக்குது" என்றான்.

கவரைப்பேட்டை நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். பழக்கதோஷம், ஓட்டுநரிடம் இந்தப் பக்கம் ஒற்றை அறை வாடகை எவ்வளவு என்று கேட்டுவைத்தேன். "அத்த ஏம்மா கேக்குற? கம்பெனி பசங்க வந்தப்புறம் ஒரே பேஜாரு. ஆறாயிரத்துக்குக் கொறஞ்சி ஒண்ணும் கெடையாது. நீ பேக்கரிகிட்ட எறங்கணும்னியே, அந்த மாடிக்கா? அங்க மட்டும் சல்லிசா உடுறாரு" என்றார். நாலாயிரத்துக்குப் பிடித்தேன் என்று குமார் போன வருடம் பெருமையடித்தது அந்த மாடி அறையைத்தான்.

கீழே பேக்கரி. விறகு அடுப்பில் பன்னும் வர்க்கியும் சுடுகிறார்கள். உரிமையாளர் ரமணய்யா ஆந்திர எல்லையில் தடா பக்கத்துக்காரர், வீட்டுக்காரரும் அவரே. மாடிப்படி ஏறும்போதே சுவர் கதகதப்பாக இருந்தது. "மார்கழி முச்சூடும் எனக்குப் போர்வையே தேவப்படலக்கா. பன் வாசனை வேற இலவசம்" என்று சிரித்தான் குமார். முகம் நன்றாகச் சிவந்திருந்தது. அறையைப் பார்த்துப் பார்த்துத் தயார் செய்திருந்தான். உத்தரத்துக் கொக்கியில் செல்வியின் பழைய புடவையில் தூளி கட்டியிருந்தான். குழந்தைக்குத் தொழிற்சாலைத் தூசியும் கொசுவும் ஆகாது என்று, பேக்கரியிலிருந்து மைதா சாக்குகள் வாங்கி வென்டிலேட்டரில் திணித்து, ஜன்னல் இடுக்கையெல்லாம் டேப் போட்டு ஒட்டியிருந்தான்.

நான் கொரோனா காலத்தில் வாங்கிய, ஆக்சிஜன் அளவு காட்டும் விரல் கருவியை எடுத்து அவன் விரலில் மாட்டினேன். தொண்ணூற்றெட்டு. எனக்கு உயிர் வந்தது. கருவியே சொல்லிவிட்டது, ஆக்சிஜன் குறையவில்லை, நான்தான் பைத்தியம் போல ஓடி வந்திருக்கிறேன் என்று நினைத்தேன். குமார் விடவில்லை. "நல்லா கீறேன்னு இப்பவாச்சும் நம்புறியா? நாஷ்டா துன்னுட்டு கம்முனு படு" என்றான்.

"உங்க கம்பெனியில உலை எதுனா இருக்குதா?"

"உலையும் இல்ல, களையும் இல்ல. நான் பேக்கிங்குக்கா. நாலு பக்கமும் தொறந்த ஷெட்டு, காத்து பிச்சிக்கினு போவும்."

"தலவலி எப்பலேர்ந்து?"

"அது கெடக்குது. காலைல எழுந்தா வலிக்கும், வேலைக்குப் போனா சரியாப் பூடும். லீவு நாள்ல மட்டும் முழுக்க உயிரை வாங்கும். கம்பெனி மேல எனக்கு அவ்ளோ பாசம்!"

நானும் சேர்ந்து சிரித்தேன். அவன் சொன்னது அத்தனையும் காதில் விழுந்தது, ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. என் புத்தி உலையையே தேடிக்கொண்டிருந்தது. மதியம் அவன் வைத்த மடவை மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு இருவரும் படுத்தோம். கீழே திங்கட்கிழமைக்கான பன்னுக்கு அடுப்பை மூட்டும் சத்தம் கேட்டது. ஒன்றரை மணி நேரம் தூங்கியிருப்பேன். எழுந்தபோது நெற்றியைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்கியது போல வலி, குமட்டல். மீன் பழசு போலிருக்கிறது என்று நினைத்தேன். குமார் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பினால் "ம்" என்றான், கண் திறக்கவில்லை.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். கருவியில் தொண்ணூற்றெட்டு என்பதையும், எனக்கும் தலைவலி என்பதையும் சொன்னேன். அவர் குரல் மாறிவிட்டது. "உங்களுக்குமா? ரெண்டு பேரும் முதல்ல வெளிய வாங்க. பேச்சு அப்புறம்."

கதவைத் திறந்துபோட்டு, "குமாரு, எழுந்துருடா, குமாரு!" என்று அவன் இரண்டு கையையும் பிடித்து இழுத்தேன். எண்பது கிலோ ஆள். பாதி நடந்தும் பாதி சாய்ந்தும் படியிறங்கித் தெருவில் வேப்பமரத்தடிக்கு வந்தான். வந்ததும் வாந்தி எடுத்தான். நானும் அவன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அங்கே வைத்துத்தான் டாக்டரம்மா சொன்னார். விறகும் கரியும் சரியாக எரியாமல் புகைந்தால் ஒரு வாயு வரும், அதற்கு வாசனையே கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளும். இரண்டும் ரத்தத்தைச் சிவப்பாகவே காட்டுவதால் விரல் கருவிக்கு வித்தியாசம் தெரியாது. உட்கார்ந்திருப்பது யார் என்று பார்க்காமல், இருக்கை நிரம்பியிருக்கிறது என்றுதான் அது சொல்லும்.

சத்தம் கேட்டு ரமணய்யா ஓடி வந்தார், டாக்டரம்மா சொன்னதை அவரிடம் சொன்னேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே போய், சாக்குகளைப் பிடுங்கி ஜன்னலைத் திறந்துவிட்டு, பரணில் இருந்த டிரங்குப் பெட்டியை நகர்த்திப் பார்த்தார். பேக்கரியின் புகைக்குழாய் அந்த அறையின் சுவரோடுதான் மேலே போகிறது. பரணுக்குப் பின்னால் இருந்த இணைப்பில் தகரம் துருப்பிடித்து உள்ளங்கை அகலம் திறந்திருந்தது. சுவர் கறுத்துக்கிடந்தது. அதற்கு நேர் கீழே தூளி.

இறங்கி வந்தவர் தலையில் கைவைத்துப் படியிலேயே உட்கார்ந்தார். "அம்மா, சத்தியமா எனக்குத் தெரியாதும்மா. சூடா கீதுன்னுதான் வாடகையைக் கொறச்சி உட்டேன். நைனா, ஒனக்கு இன்னா ஆச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..." என்றார். குமார் அவரைப் பார்க்கவில்லை. மாடி ஜன்னலையே பார்த்துக்கொண்டு, "புதன்கெழம பாப்பா வருதுக்கா" என்றான். நான் அவன் முதுகில் ஒரு அறை விட்டேன். அப்புறம் அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

ரமணய்யாவே கார் பிடித்துக் கொடுத்தார். சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தத்தில் வாயுவைப் பார்க்கும் சோதனை செய்து, சந்தேகத்தை உறுதிப்படுத்தினார்கள். குமாருக்கு முகமூடி வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள். ரத்தக் கட்டு எதுவும் இல்லை. ஏறின சிவப்பணுக்கள் தானாக இறங்கச் சில மாதங்கள் ஆகும் என்றார்கள். செல்வியும் குழந்தையும் புதன்கிழமை வரவில்லை. "இவ்ளோ ஆனப்புறம்தான் சொல்வீங்களா" என்று செல்வி என்னிடம் போனில் கத்தினாள். அவள் கத்தியது நியாயம்.

இப்போது அவர்கள் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறார்கள். எதிரெதிரே இரண்டு ஜன்னல், வாடகை ஆறாயிரத்து ஐந்நூறு. ரமணய்யா குழாயை மாற்றி, மேல் அறையைத் தட்டுமுட்டுச் சாமான் போடும் இடமாக்கிவிட்டார், நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். என் கணக்குப்படி பார்த்தால், ஒற்றை அறைக்குத் தம்பி கொடுக்கும் வாடகை இரண்டாயிரத்து ஐந்நூறு ஏறிவிட்டது. ஆனால் முன்னே கொடுத்த நாலாயிரம் அறைக்கு மட்டும்தான். மிச்சத்தை அவன் ரத்தம் கொடுத்துக்கொண்டிருந்தது. இப்போதெல்லாம் யாராவது வாடகை சல்லிசு என்றால், நான் முதலில் சுவரைத் தொட்டுப் பார்க்கிறேன்.

இந்தப் பக்கம் தொழிற்சாலை வேலைக்கு வந்திருக்கும் சொந்தக்காரர்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு: ஞாயிற்றுக்கிழமை போவதானால் கும்மிடிப்பூண்டி ரயில் நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள், ஒன்றை விட்டால் அடுத்தது தாமதமாகும். ஆரம்பாக்கம், எளாவூர் போக வேண்டுமானால், கும்மிடிப்பூண்டியோடு நிற்காத வண்டியாகப் பார்த்து ஏறுங்கள். பழம், பிஸ்கட் வாங்கிப் போவதில் தப்பில்லை. போனதும் ஜன்னலைத் திறந்துவிடுங்கள். கீழேயும் பக்கத்திலும் என்ன எரிகிறது என்று கேளுங்கள். தலைவலி என்றால், எங்கே இருக்கும்போது வருகிறது, எங்கே போனால் போகிறது என்று கேளுங்கள். கூட இருந்த உங்களுக்கும் வலித்தால் யோசிக்காமல் வெளியே வந்துவிடுங்கள். விரல் கருவியை மட்டும் நம்பாதீர்கள்.

போன வாரம் குமார் குழுவில் மறுபடி ஒரு படம் போட்டான். ஹீமோகுளோபின் பதினைந்தரை. சித்தி பதறிவிட்டாள். "ஐயையோ, எப்படி இருந்த புள்ள, இப்படிக் கொறஞ்சிட்டியே! பீட்ரூட் துன்னுடா" என்று எழுதினாள். பெரியம்மா பேரீச்சம்பழப் பாக்கெட்டின் படத்தையே அனுப்பிவிட்டாள். நான் பதினோரு வருடமாக விலை எழுதுகிறேன். தக்காளியை விட்டால், ஏறிய எதுவும் இறங்கி நான் பார்த்ததில்லை. அன்று சாயங்காலம் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தேன்.