இடுப்பளவு மக்காச்சோளம்

எனக்கு மூக்குமேல் கோபம். அப்படிப்பட்டவள் கையில் ஒரு பிளேடைக் கொடுத்து, வெங்காயச் சருகைவிட மெல்லிசாக ஒரு தண்டை நறுக்கு என்றால் என்ன ஆகும்? பி.எஸ்சி. தாவரவியலில் எல்லாத் தாளும் தேறிவிட்டு, உள்ளமைப்பியல் செய்முறைத் தேர்வில் மட்டும் எனக்கு அரியர் விழுந்தது இதனால்தான். நான் நறுக்கியதெல்லாம் ஒரு பக்கம் தடியாக இருந்தது, மறுபக்கம் இல்லவே இல்லை. மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் இருட்டு மட்டும் தெரிந்தது.

அந்த அரியரோடுதான் கல்யாணமாகி வந்தேன். ரஞ்சன்குடிக்குப் பக்கத்தில், மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிற வீடு. என் வீட்டுக்காரர் பத்தாவதோடு நின்றவர். விஷயம் தெரிந்ததும், "ஒண்ணுதானே பாக்கி? எழுதிப்புடு புள்ள" என்றார். அன்றைக்கே எனக்கு அவரைப் பிடித்துப் போயிற்று.

எங்கள் கல்லூரியில் அரியர்காரர்கள் நறுக்குவதற்கான செடியை அவரவரே கொண்டுபோக வேண்டும். இரண்டாம் முறை போனபோது பருத்தித் தண்டு கேட்டேன். மனுஷர் காடு முழுக்கச் சுற்றி, இருப்பதிலேயே முற்றிய செடியாக, என் கட்டைவிரலைவிடத் தடியான ஒன்றைக் கொண்டுவந்து பெருமையாக நீட்டினார். விதைக்கு எடுத்து வைப்பது, சந்தைக்கு அனுப்புவது, சம்பந்தி வீட்டுக்குக் கொடுத்து விடுவது எல்லாமே விவசாயிக்குத் திரண்டதும் முற்றியதும்தான். பிளேடுக்கு வேண்டியது இளசு என்பது எனக்குத் தெரியும். ஆசையாகக் கொண்டுவந்தவரிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? பேசாமல் வாங்கிக்கொண்டேன். நான் வாயை மூடிக்கொண்டிருந்த அந்த ஒரே தடவையும் என் தலையிலேயே விடிந்தது. அது தண்டில்லை, விறகு. இரண்டு பிளேடு ஒடிந்ததுதான் மிச்சம்.

மூன்றாம் முறைக்குப் பணம் கட்டப் போனபோது, பாடத்திட்டம் மாறுகிறது, உங்களுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு என்றார்கள். இதில் தேறாவிட்டால் பட்டம் கிடையாது. பட்டம் இல்லாமல் பி.எட். சேர முடியாது. பள்ளிக்கூடத்தில் தாவரவியல் டீச்சராக நிற்க வேண்டும் என்ற என் ஆசையும் அத்தோடு சரி.

விழுந்து விழுந்து படித்தேன். படிப்பதற்கு எங்கள் கிணற்றடியைப் போல ஓர் இடம் வராது. உள்ளே எட்டிப் பார்த்தால் தாவர உலகத்தில் பாதி அங்கேயே இருக்கும். தண்ணீர்மேல் பாசி, அதற்கு வேரும் இல்லை, தண்டும் இல்லை. ஈரக் கல்லில் பச்சையாகப் படர்ந்த மாஸ். நீரை மேலே ஏற்றும் குழாய்கள் இல்லாததால் விரற்கடை உயரத்தோடு நின்றுவிட்டது. கல் இடுக்கில் பெரணி; குழாய் உண்டு, விதை கிடையாது. விதை உண்டு, ஆனால் பழத்துக்குள் மூடி வைக்காத கூட்டத்துக்குச் சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கிற ஆதிகால மரத்தை நினைத்துக்கொள்வேன். தலையைத் தூக்கினால் பூக்கிற செடிகள்: ஒற்றை விதையிலை மக்காச்சோளம் ஒரு பக்கம், இரட்டை விதையிலை பருத்தி மறுபக்கம். மோட்டார் போட வந்த என் வீட்டுக்காரர் நான் சத்தமாகப் படித்ததை நின்று கேட்டுவிட்டு, "நம்ம கெணத்துல இம்புட்டு சாதி சனம் இருக்குதா?" என்று ஆச்சரியப்பட்டார்.

தேர்வுக்கு மக்காச்சோளத் தண்டு என்று வந்தது. இந்த முறை வாயைத் திறந்தேன்.

"ஏங்க, இடுப்பளவு பயிரா வேணும். பூ எடுக்காததா."

அவர் முகம் மாறிவிட்டது. "கதிரு வைக்காத பயிர எவனாச்சும் வெட்டுவானா? கை வெளங்குமா புள்ள?"

அவர்கள் வீட்டில் அது வழக்கமே இல்லை. ஆடு புகுந்து மேய்ந்தால்கூட ஆட்டுக்காரரை விடுவார்கள், ஆட்டை விடமாட்டார்கள். நானும் விடவில்லை. "அப்ப முத்துனதையே கொண்டாங்க. நா ஃபெயிலாப் போயி உங்க சோளத்துக்குக் காவ இருக்கேன்" என்று கத்திவிட்டேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். கத்திய எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

தேர்வு வெள்ளிக்கிழமை வந்தது. நான் தலை வாரிக்கொண்டிருந்தபோது காட்டிலிருந்து வந்தார். கையில் ஈரச் சாக்கில் சுற்றிய நான்கு செடிகள், வேரும் மண்ணுமாக. ஏதாவது வரப்போரத்துச் சோனிச் செடியாக இருக்கும் என்று பிரித்தேன். இல்லை. வாய்க்கால் ஓரத்து முதல் வரிசை. அவர் தினமும் போய் நின்று பார்க்கிற வரிசை.

"வெட்டல. வேரோட தோண்டிட்டேன்" என்றார். அந்த நேரத்தில் அவர் காலில் விழச் சொன்னால்கூட விழுந்திருப்பேன்.

செடிகளைத் தூக்கிக்கொண்டு அவரும் வந்தார். பஸ் முழுக்கச் சிறுவாச்சூர் கோயிலுக்குப் போகிற கூட்டம். பக்கத்திலிருந்த அம்மா செடியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, "என்னா வேண்டுதலுப்பா?" என்றார். "பரீட்சைங்கம்மா" என்றார் இவர், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

ஆய்வகத்தில் இலை உறையை உரித்தேன். உள்ளே தண்டு வெள்ளரிப்பிஞ்சு போல இருந்தது. புதுப் பிளேடைத் தண்ணீரில் நனைத்து என் பக்கமாக இழுத்தேன். வழுக்கிக்கொண்டு போனது. எத்தனை இழுத்தேன் என்று தெரியாது, கோபம் மட்டும் வரவில்லை. தண்ணீரில் மிதந்தவற்றில் கண்ணுக்கே தெரியாத மாதிரி இருந்த ஒன்றைத் தூரிகையால் எடுத்து, சாஃப்ரனின் சாயத்தில் போட்டு, அலசி, கிளிசரின் வைத்து மூடினேன். மைக்ரோஸ்கோப்பில் குனிந்தேன். வெளிறிய வட்டம் முழுக்கச் சிவப்புச் சிவப்பாகக் குழாய்க் கற்றைகள், இறைத்துவிட்டது போல. ஒவ்வொன்றும் ஒரு குட்டி முகம். பெரிய குழாய் இரண்டும் கண்கள், கீழே திறந்திருந்த பள்ளம் வாய். அழகென்றால் அப்படி ஓர் அழகு! நானா நறுக்கினேன்?

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் மேடம் குனிந்தவர் நிமிரவே இல்லை. பிறகு வாசலில் மீதி மூன்று செடிகளோடு நின்றவரைப் பார்த்து, "உங்க காட்டுதா? வந்து பாருங்க" என்றார்.

இவர் முதலில் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு பார்த்தார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அப்புறம் ஒரு கண் திறந்தது.

"இத்தன வாயா மேடம்! அதான் எவ்வளவு தண்ணி பாச்சுனாலும் பத்த மாட்டேங்குது."

ஆய்வகமே சிரித்தது. மேடம் என்னிடம் திரும்பி, "அவர் சொல்றது சரியாம்மா?" என்றார். அதுதான் எனக்கான கடைசிக் கேள்வி.

"வாய்னு சொல்ற பள்ளமும் கண்ணு மாதிரி இருக்கிற குழாயும் சைலம் மேடம். தண்ணி அது வழியாத்தான் ஏறுது. சரியாத்தான் சொல்றாரு."

மேடம் தாளில் ஏதோ எழுதினார். மதிப்பெண்ணைச் சொல்லக் கூடாது என்பது விதி. பேனாவை மூடிவிட்டு இவரிடம், "மிச்சச் செடியக் கொண்டுபோய் நட்டுடுங்க. இனிமே இவங்களுக்கு இது தேவைப்படாது" என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. அங்கேயே கண்ணில் தண்ணீர் கொட்டியது. இவருக்கு 'நட்டுடுங்க' என்றது மட்டும்தான் காதில் விழுந்தது. "வேரு காஞ்சிரும், வா புள்ள" என்று செடிகளை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் நானும் பின்னாலேயே ஓடினேன். பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. படியில் ஒரு காலை வைத்தவர் அப்படியே நின்றார்.

"ஏ புள்ள... அப்ப நீ பாஸா?"